பருவச் சடங்கும் தன்மாற்றமும்: பிரித்தானிய ‘ஆண்டுச் சக்கரம்’ பற்றிய ஒரு நோக்கு

ஆண்டின் பருவங்களோடு தம் வாழ்வை இயைத்துக்கொள்வதனால் மனிதர் தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளலாம், பழையன கழித்துப் புதியராக வளரலாம் என்ற நம்பிக்கை பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு சமய இயக்கமாகவே உருப்பெற்றுள்ளது. நவீன பேகனியம் என்று அதனைக் குறிப்பர். கிறித்தவத்துக்கு முற்பட்ட ஐரோப்பிய வழிபாட்டு மரபுகளைத் தமதாகக் கொள்வோரின் சமயம் அது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பேகன்கள் என்றும், 13,000 பேர் அதன் முதன்மைக் கிளையாகிய ‘விக்கா’வைச் சேர்ந்தோர் என்றும் பதிவு செய்தனர். பத்தாண்டுகளுக்கு முன் பேகன்களின் தொகை ஏறத்தாழ 57,000 ஆக இருந்தது. தொகை சிறிதெனினும் கிறித்தவர் விகிதம் குறைந்துவரும் ஒரு நாட்டில் இவ்வளர்ச்சி கவனத்துக்குரியது.

இத்தகைய பொருளை அணுகும்போது முற்போக்காளரிடையே இரு மனப்பாங்குகள் காணப்படுவதுண்டு. ஒன்று, இது நடுத்தர வர்க்கத்தாரின் பொழுதுபோக்கு, மூடநம்பிக்கையின் மறுபிறப்பு என்று ஒதுக்கிவிடுவது. மற்றொன்று, இயற்கையோடியைந்த புராதன பொதுவுடைமை வாழ்வின் எச்சம் என்று வியந்து ஏற்பது. இரண்டும் ஆராயாது கொள்ளும் முடிவுகளே. இக்கட்டுரை இச்சடங்குகளின் அமைப்பையும் வரலாற்றையும் பொருளியல் அடித்தளத்தையும் நோக்கி, அவை வாக்களிக்கும் ‘தன்மாற்றம்’ எத்தகையது என்ற வினாவுக்கு விடைகாண முயல்கிறது. இவ்வினா நமக்குப் புறம்பானதன்று என்பது கட்டுரையின் பிற்பகுதியில் புலனாகும்.

1. சக்கரமும் அதன் பொருளும்

நவீன பேகன்களின் ஆண்டு எட்டு விழாக்களால் ஆயது. ஒரு விழாவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஆறரை வாரங்கள் உள்ளன. ஒக்டோபர் 31இல் சவ்வின், டிசம்பர் 21 அளவில் வரும் மாரிகாலக் கதிர்த்திருப்பத்தில் யூல், பெப்ரவரி முதலாந் திகதி இம்போல்க், மார்ச்சு மாதச் சமவிராநாளில் ஒஸ்தாரா, மே முதலாந் திகதி பெல்தேன், ஜூன் 21 அளவில் கோடைக் கதிர்த்திருப்பமாகிய லீத்தா, ஓகஸ்ட் முதலாந் திகதி லூனசா அல்லது லம்மஸ், செப்டெம்பர்ச் சமவிராநாளில் மேபன் என்பன அவை. இவ்வொழுங்கையே ‘ஆண்டுச் சக்கரம்’ என்பர்.

ஒவ்வொரு விழாவும் தனிமனித வாழ்வின் ஒரு நிலைக்கு உருவகமாகிறது. சவ்வின் இறந்தோரை நினைக்கும் நாள். விட்டொழிக்க வேண்டிய பழக்கத்தையோ அச்சத்தையோ தாளில் எழுதித் தீயிலிடுதல் அன்று பலரும் செய்வது. யூல் நீண்ட இருளின் நடுவே ஒளி மீள்வதைக் காத்திருத்தல். இம்போல்க்கில் மெழுகுதிரி ஏற்றிப் புதிய உறுதி எடுப்பர். சமவிராநாளில் விதை ஊன்றும்போது அவ்வுறுதியையும் சேர்த்தே ஊன்றுவதாகக் கருதுவர். பெல்தேன் காதலுக்கும் படைப்பூக்கத்துக்கும் உரியது. லீத்தா நிறைவின் உச்சம். அதேவேளை, தேய்வின் தொடக்கமும் அதுவே. லம்மஸில் ரொட்டி சுட்டுப் பகிர்ந்து, ஆண்டின் முயற்சி என்ன விளைவு தந்தது என்று தம்மைத் தாமே கேட்பர். மேபன் நன்றி கூறலும் சமன் காணலும். பின் மீண்டும் சவ்வின்.

இவ்வமைப்பில் ஓர் உண்மையான நுண்ணறிவு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். முதலாளித்துவ சமுதாயம் தனிமனிதனிடம் எதிர்பார்க்கும் ‘வளர்ச்சி’ இடையறாதது. அது தேய்வையும் ஓய்வையும் துயரையும் குறைபாடுகளாகவே கணிக்கும். சக்கரமோ தரிசாகக் கிடத்தலையும் வளர்ச்சியின் ஒரு கட்டமாகக் கொள்கிறது. அன்பரை இழந்த ஒருவருக்குச் சவ்வின் துக்கிப்பதற்கு ஒரு நாளையும், அத்துக்கத்துக்குச் சாட்சியாக ஒரு கூட்டத்தையும் தருகிறது. தொழிலை இழந்தவருக்கு, மாரிகாலம் அவருடைய பிழையன்று என்று சொல்கிறது. மனத்துள் மட்டும் எடுக்கும் உறுதியைவிடப் பிறர் முன்னிலையில் உடலாலும் பொருளாலும் செய்து காட்டும் உறுதி வலியது. இவையெல்லாம் மாயமல்ல, சடங்கு என்ற மனிதச் செயலின் இயல்பான ஆற்றல்கள்.

2. தொன்மை என்னும் கற்பனை

எட்டு விழாக்களும் தொன்றுதொட்டு வருவன என்பது பின்பற்றுவோரிற் பலர் நெடுங்காலம் கொண்டிருந்த நம்பிக்கை. வரலாற்றாய்வு இதனை ஏற்கவில்லை. பிரிஸ்ரல் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொனால்ட் ஹட்டன் 1996இலும் 1999இலும் வெளியிட்ட இரு பெருநூல்கள் இத்துறையில் திருப்புமுனைகளாயின. எட்டு விழாக்களையும் ஒருங்கே கொண்டாடிய பண்டைய மக்கட் கூட்டம் எதுவும் சான்றுகளிற் காணப்படவில்லை என்பது அவர் நிறுவிய முடிவு. சவ்வின், இம்போல்க், பெல்தேன், லூனசா ஆகிய நான்கும் மத்தியகால ஐரிஷ் இலக்கியத்திற் சான்றுள்ளவை. யூல் வட ஐரோப்பியருக்கு உரியது. இவ்விரு மரபுகளும், சான்று மிகக் குறைந்த சமவிராநாள் விழாக்களும் ஒரே வட்டத்திற் கோக்கப்பட்டது 1950களின் பிற்பகுதியில், ஜெரல்ட் கார்ட்னர் என்பவரைச் சூழ இயங்கிய சிறு குழுவினரிடையே ஆகும். அவருடைய நண்பர் றொஸ் நிக்கல்ஸ் 1964இல் தாம் நிறுவிய துருயிதர் அமைப்பிலும் அவ்வட்டத்தைப் புகுத்தினார்.

பெயர்கள் சில இன்னும் பிந்தியவை. லீத்தா, ஒஸ்தாரா, மேபன் ஆகியவற்றை இவ்விழாக்களுக்கு இட்டு வழக்கிற் கொணர்ந்தவர் 1970களின் முற்பகுதியில் அமெரிக்கரான ஏய்டன் கெலி. ஒஸ்தாரா என்ற பெயரின் மூலம் சுவையானது. எட்டாம் நூற்றாண்டின் துறவியாகிய பீட், 725ஆம் ஆண்டளவில் எழுதிய காலக்கணக்கு நூலில் ‘இயோஸ்ற்ர’ என்ற பெண்தெய்வத்தை ஒரு மாதப்பெயரின் விளக்கமாகக் குறிப்பிட்டார். ஆயிரத்து நூறு ஆண்டுகளின் பின், 1835இல், ஜேர்மானிய அறிஞர் யாக்கோப் கிறிம் அதிலிருந்து ஜேர்மானிய வடிவமொன்றை ஊகித்து அமைத்தார். அவ்வூகமே பின்னர் ஒரு விழாவின் பெயராயிற்று.

ஆயின், ‘அண்மையிற் புனையப்பட்டது, ஆதலின் பொய்’ என்று முடிப்பது தவறு. எரிக் ஹொப்ஸ்போமும் ரெறன்ஸ் ரேஞ்சரும் 1983இல் பதிப்பித்த புகழ்பெற்ற தொகுதி, தொன்மையென நாம் கருதும் மரபுகள் பல அண்மைக்காலத்தே ஆக்கப்பட்டவை என்று காட்டியது. ஹொப்ஸ்போம் அங்கு ஆராய்ந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று தொழிலாளரின் மே தினம். 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாட்டின் தீர்மானப்படி 1890 மே முதலாந் திகதி ஓர் ஆர்ப்பாட்டமாகவே அது தொடங்கிற்று. நாளைத் தெரிந்தமைக்குக் காரணம் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் எட்டு மணிநேர வேலைக்காக முன்னரே அந்நாளைக் குறித்திருந்தமை. வசந்த விழா அன்று. எனினும் மக்கள் அந்நாளில் மலரும் கொடியும் ஏந்திக் குடும்பத்தோடு வந்தனர். சோசலிச ஓவியர் வோல்ட்டர் கிறேன் 1895இல் வரைந்த மே தின மாலை, பழைய வசந்த விழாவின் வடிவத்தைத் தொழிலாளர் கோரிக்கைகளோடு பிணைத்தது. ஆகவே ஒரு விழாவின் வயதைப் பார்க்கிலும் அதனை யார், எத்தேவைக்காக ஆக்கினர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

3. பருவமும் உழைப்பும்

பழைய ஐரிஷ் விழாக்கள் நான்கும் கால்நடை வளர்ப்பையும் உழவையும் அடித்தளமாகக் கொண்டவை. பெல்தேன் மந்தைகளைக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டும் காலம். இரு தீக்களை மூட்டி, நோய் அணுகாதிருக்க அவற்றினிடையே கால்நடைகளைச் செலுத்தினர் என்று பத்தாம் நூற்றாண்டளவிலான ஐரிஷ் சொற்பொருள் நூல் கூறுகிறது. சவ்வின், மந்தைகள் மீண்டுவரும் காலம். மாரியிற் பேணமுடியாதவற்றை அறுத்து இறைச்சியைச் சேமிக்கும் காலமும் அதுவே. இம்போல்க் செம்மறிகள் பால் சுரக்கத் தொடங்கும் பருவம். லூனசா முதல் அறுவடை. இவற்றில் ‘நான்’ இல்லை, ‘நாம்’ உண்டு. தீயினிடையே சென்றது மந்தை. காக்கப்பட்டது கூட்டத்தின் வாழ்வு. இன்று அத்தீயைத் தாண்டிச் செல்வது தனிமனிதரின் அகம். மந்தையின் இடத்தில் மனம் வந்து நின்றது எவ்வாறு என்பதே பிரச்சினை.

விடை இங்கிலாந்தின் நிலவுடைமை வரலாற்றில் உள்ளது. லம்மஸ் நாளையே நோக்குவோம். வைக்கோற்புல் அறுத்து அகற்றியபின், பல ஊர்களிற் புல்வெளிகள் அந்நாள் முதலாக ஊரார் அனைவரின் மேய்ச்சலுக்கும் திறந்துவிடப்பட்டன. ‘லம்மஸ் நிலங்கள்’ என அவை பெயர்பெற்றன. விழாநாள் என்பது உரிமை தொடங்கும் நாளாகவும் இருந்தது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலியிட்டன. நிலம் போயிற்று, உரிமையும் போயிற்று. நாட்காட்டியில் பெயர் மட்டும் எஞ்சிற்று. அதுவும் எதிர்ப்பின்றி நிகழவில்லை. 1892ஆம் ஆண்டு லம்மஸ் நாளில், லண்டனின் கிழக்கே லேய்ற்றன் சதுப்புவெளியில் தண்ணீர்க் கம்பனி ஒன்று அமைத்த தடைகளை மக்கள் திரண்டு பெயர்த்தெறிந்தனர். அன்று அவர்களுக்கு லம்மஸ் உள்ளத்தின் உருவகமன்று, காலடி மண்.

நிலமிழந்தோர் ஆலைகளுக்குச் சென்றனர். அங்கு காலமே வேறாயிற்று. வேலையின் இயல்புக்கேற்ப நாளை அளந்த உழவர் வாழ்வின் இடத்தைக் கடிகாரம் அளக்கும் கூலிநேரம் கைப்பற்றிய வரலாற்றை ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். ஆலைக்குப் பருவம் இல்லை. இவ்வாறு பருவங்களினின்றும் அந்நியப்பட்ட மனிதரின் ஏக்கமே ஆண்டுச் சக்கரத்தின் உண்மையான ஊற்று. ஏக்கம் மெய்யானது, அதற்குக் கிடைத்த வடிவமோ கடிகாரத்தை வெல்லவில்லை. கதிர்த்திருப்பம் வாரநாளில் வருமாயின் பல குழுக்கள் விழாவை அடுத்த சனி, ஞாயிறுக்கு ஒத்திவைக்கின்றன. சூரியனைவிட வேலைநேரமே இன்னும் வலிது.

4. மலைநாட்டுத் தோட்டமும் கேம்பிரிட்ஜ் நூலகமும்

ஜெரல்ட் கார்ட்னரின் வாழ்க்கை நமது நாட்டோடு தொடர்புடையது. 1884இல் வசதிமிக்க மரவியாபாரிகளின் குடும்பத்திற் பிறந்த அவர் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களிற் பணியாற்றினார். பின்னர் போர்ணியோவிலும் மலாயாவிலும் றப்பர்த் தோட்டங்களிலும், தொடர்ந்து மலாயாவில் சுங்க அதிகாரியாகவும் இருந்து 1936இல் ஓய்வுபெற்றார். கூலித்தமிழர் உழைப்பில் நின்ற தோட்டப் பொருளாதாரத்தின் கீழ்நிலை நிர்வாகிகளுள் ஒருவராக வாழ்வைத் தொடங்கியவரே, 1954இல் வெளியிட்ட நூலின் மூலம் இங்கிலாந்துக்கு ‘இழந்த’ பருவ சமயத்தை மீட்டளித்தார். சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டமை அந்நூல் வெளிவர வழிசெய்தது.

அவர் தொழில் பழகிய மலையகத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம் பருவ விழாவைத் தம்மோடு கொண்டுவந்திருந்தனர். மாசி மாதத்திற் கம்பம் ஊன்றித் தொடங்கி, காமன் எரிந்து மீண்டும் எழுவதை ஆடிக்காட்டும் காமன் கூத்து அது. இறந்தெழும் தெய்வத்தின் கதைதான் அதுவும். ஆயின் அங்கு மாறுவது தனியொருவரின் அகம் மட்டுமன்று. பெரட்டும் கொழுந்து நிறுவையும் ஆண்டு முழுவதும் ஆண்ட மக்கள், சில நாட்களுக்கேனும் தோட்டத்தைத் தமது களமாக்கிக்கொண்டனர். ஒரே மலைச்சரிவிற் பருவச் சடங்கின் இரு வரலாறுகள் அருகருகே நின்றன: ஒன்று உழைப்போருடையது, மற்றது உழைப்பை மேற்பார்த்தோரின் ஓய்வுக்காலத்தில் முளைத்தது.

இனி அறிவுப் பரம்பரையை நோக்குவோம். ஜேம்ஸ் பிறேசர் 1890இல் இரு தொகுதிகளாக வெளியிட்டுப் பின் பெருக்கிய ‘பொற்கிளை’, ஐரோப்பியக் குடியானவரின் வழக்கங்கள் யாவும் தொல்சமயத்தின் எச்சங்கள் என்ற கருத்தைப் பரப்பிற்று. அக்கருத்தின் வழியில் மாகிறற் மறே 1921இல் சூனியக்காரிகள் எனப்பட்டோர் ஒரு பழஞ்சமயத்தாரே என்று வாதித்தார். வரலாற்றறிஞர் இன்று அக்கொள்கையை ஏற்பதில்லை. கார்ட்னரின் 1954ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவரே.

அதே பிறேசரிலிருந்து வேறொரு கிளையும் பிரிந்தது. ஜேன் ஹரிசன் 1913இல் கலை சடங்கிலிருந்து தோன்றியது என விளக்கினார். கிறிஸ்ரோபர் கோட்வெல்லின் 1937ஆம் ஆண்டு நூலும், ஜோர்ஜ் தொம்சன் 1941இல் எஸ்கிலஸ் பற்றி எழுதிய நூலும் அவ்விளக்கத்தை மார்க்சிய அடிப்படையில் வளர்த்தன. பேர்மிங்ஹாமில் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்ந்தோர் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய கைலாசபதியின் நூல் 1968இலும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் நூல் 1981இலும் வெளிவந்தன. ஆகவே நமது விமர்சன மரபும் ஆண்டுச் சக்கரமும் ஒரே வேரின் இரு கிளைகள். பேகன்களைக் கண்டு நகைப்போர் இதனை மனங்கொளல் வேண்டும்.

இதிலிருந்து நமக்குப் பெறப்படும் படிப்பினை கசப்பானது. பிறேசரின் ‘எச்சம்’ என்ற கருத்தை நாம் பெரிதும் வினாவின்றி ஏற்றோம். கூத்தையும் கரகத்தையும் காமனையும் புராதன சமுதாயத்தின் புதைபடிவங்களாகக் கண்டோம். ஆடுவோரை அப்படிவங்களைச் சுமந்துவந்த பாத்திரங்களாக்கினோம். ஹட்டன் முதலியோர் ஆங்கில வழக்கங்களின் ஆவணங்களை நேரே ஆராய்ந்தபோது, தொல்சமய எச்சம் எனப்பட்ட பல மத்திய காலத்தின் பிற்பகுதியிலோ அதன் பின்னரோ தோன்றியவை என்பது தெளிவாயிற்று. மொறிஸ் நடனம் பதினைந்தாம் நூற்றாண்டு முதலே ஆவணங்களிற் காணப்படுகிறது. அதன் தொடக்கமும் அரசவைக் கேளிக்கையோடு தொடர்புடையது. மார்க்சியம் வேண்டுவது இதுவே: ஒரு சடங்கை அதன் ஊகத் தோற்றத்தால் அன்றி, அதனைச் செய்வோர் வாழும் உற்பத்தி உறவுகளால் விளக்குதல். தொம்சன் ஐரிஷ் மொழியைக் கற்று, பெரிய பிளாஸ்கற் தீவின் குடியானவரோடு பழகி, அவர்தம் கவிதையின் உயிர்ப்பை நேரே கண்டவர். அவரிடமிருந்து நாம் பெற்றிருக்கவேண்டியது தோற்றக் கொள்கையைவிட அந்தப் பழக்கமே.

5. எத்தகைய மாற்றம்?

சடங்கின் பயன் பற்றிக் கோட்வெல்லும் தொம்சனும் கூறியது இன்றும் பயன்தருவது. அறுவடையை நாடிய ஆட்டம் மண்ணை மாற்றுவதில்லை, ஆடுவோரை மாற்றுகிறது. ஊக்கமும் ஒருமையும் பெற்ற அவர்கள் பின் வயலுக்குச் சென்று மண்ணை மாற்றுகின்றனர். மாயை உண்மையாவது உழைப்பின் வழியே. இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் ஆண்டுச் சக்கரத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும். அது ஆடுவோரை மாற்றுகிறது. ஆயின் ஆட்டம் முடிந்தபின் செல்லவேண்டிய வயல் பலருக்கு இல்லை. எழுந்த உணர்வு மீண்டும் அகத்துட் சென்று தன்னையே உழுகிறது. அந்நிலையில் வணிகம் உள்ளே நுழைவது எளிது. எட்டு விழாக்களுக்கும் உரிய மெழுகுதிரிகள், சீட்டுகள், பயிற்சி வகுப்புகள் என்பன விலைப்பண்டங்களாகின்றன. தன்மாற்றம் என்பது, மாறாத வேலைத்தலத்துக்குத் திங்கட்கிழமை தெம்போடு திரும்பும் வழியாகச் சுருங்கிவிடுகிறது.

ஆயினும் இது தவிர்க்கவியலாத முடிவன்று. ஸ்ரார்ஹோக் என்னும் பெயரில் எழுதும் அமெரிக்கப் பெண்ணியப் பேகன் 1979இல் வெளியிட்ட நூல் இவ்வியக்கத்தின் செல்வாக்குமிக்க நூல்களுள் ஒன்று. அவரும் அவர் குழுவினரும் சடங்கை அரசியல் நடவடிக்கையோடு இணைத்தனர். 1981இல் கலிபோர்னியாவின் டியாப்லோ கன்யன் அணுமின் நிலையத்துக்கு எதிரான முற்றுகையில் அவர் பங்குகொண்டார். அங்கு வட்டமாக நின்று கைகோத்தோர் கைதாவதற்கான துணிவை அவ்வட்டத்திற் பெற்றனர். பெண்ணின் உடலைப் பாவத்தின் இருப்பிடமாகக் கண்ட சமய மரபினின்றும் விடுபட்டுப் பெண்கள் தம்மை மதிக்கக் கற்றமையும் இம்மாற்றத்தின் ஒரு கூறு.

ஸ்ரோன்ஹெஞ்சின் வரலாறும் இத்தகையதே. 1974 முதல் 1984 வரை கோடைக் கதிர்த்திருப்பத்தையொட்டி அங்கு இலவசத் திருவிழா நடைபெற்றது. 1985 ஜூன் முதலாந் திகதி, அங்கு செல்ல முயன்ற நாடோடி வாகனத்தொடரைப் பொலிசார் வன்முறையால் நிறுத்தி ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் கைதுசெய்தனர். பல ஆண்டுப் போராட்டத்தின் பின், 2000ஆம் ஆண்டு முதல் கதிர்த்திருப்ப நாளில் மக்கள் கட்டணமின்றி உட்செல்ல விடப்பட்டனர். கற்களிடையே சூரியன் எழுவதைக் காணும் உரிமை, லம்மஸ் நிலத்தில் மாடு மேய்க்கும் உரிமையின் தொலைதூரத் தொடர்ச்சியே. அங்கு மட்டும் சக்கரம் மீண்டும் மண்ணைத் தொட்டது எனலாம்.

6. முடிவாக

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. ஆண்டுச் சக்கரம் தொன்மையானதன்று, ஆயினும் பொய்யன்று. அது இருபதாம் நூற்றாண்டு மனிதரின் உண்மையான இழப்புக்கு எழுந்த குரல். அது தரும் ஆறுதலும் மெய்யானது. ஆனால் பருவம் என்பது வானத்தில் மட்டும் நிகழ்வதன்று. நிலம், நீர், மந்தை, கூலி, ஓய்வு ஆகியவற்றோடு மனிதர் கொள்ளும் உறவே பருவத்துக்குப் பொருள் தருகிறது. அவுஸ்திரேலியப் பேகன்கள் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி, ஜூனில் யூல் கொண்டாடுகின்றனர். நாட்டின் வெயிலும் மழையுமே விழாவை ஆள்கின்றன என்பதை அவர்கள் நடைமுறையில் ஒப்புக்கொண்டுள்ளனர். அவ்வொப்புதலை இன்னும் ஓரடி நீட்டி, அந்நிலம் யாருடையது, அதில் உழைப்போர் யார் என்று கேட்பின் சடங்கு வரலாற்றுக்குள் வந்துவிடும்.

தனிமனிதர் மாறவேண்டியதில்லை, சமூகம் மாறினாற் போதும் என்று நம்மிற் சிலர் பேசுவதுண்டு. அது மார்க்சியமாகாது. சூழ்நிலையை மாற்றும் செயலிலேயே மனிதர் தம்மையும் மாற்றிக்கொள்கின்றனர் என்பதே மார்க்ஸின் நிலைப்பாடு. பேகன்கள் இவ்விரட்டை மாற்றத்தின் ஒரு பாதியைக் கையிற் கொண்டுள்ளனர். நாம் பல வேளைகளில் மறுபாதியை மட்டும் கொண்டிருக்கிறோம். துக்கிக்கவும் தளரவும் மீண்டும் தொடங்கவும் ஓர் இயக்கம் தன் தோழருக்கு இடமும் நாளும் தராவிட்டால், அவர்கள் அதை வேறெங்கோ தேடிச் செல்வர். மே தின ஊர்வலத்தில் முழக்கத்தோடு மலரையும் கொண்டுவந்த முதற் தலைமுறைத் தொழிலாளர் இதனை அறிந்திருந்தனர். மலையகத்திற் காமனை எரித்து மீண்டும் எழுப்பும் மக்களும் இதனை அறிவர். அவர்களிடம் கேட்டறிவதிலிருந்தே நமது அடுத்த ஆய்வு தொடங்குதல் வேண்டும்.